1967 யாருடைய ஆண்டு? 'பென்னி லேன்' இரண்டாமிடத்தில் நின்ற கதை

கிராமபோன்காரன் (திரியைத் தொடங்கியவர்)

1967-இன் பிரிட்டிஷ் இசையைப் பற்றி எங்கே படித்தாலும் எனக்கு ஒரு மனக்குறை வந்துவிடுகிறது. பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பம் வந்த ஆண்டு, பிங்க் ஃப்ளாய்ட் ராக் குழுவின் முதல் ஆல்பம் வந்த ஆண்டு, கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் லண்டனைக் கலக்கிய ஆண்டு என்று எழுதுவார்கள். எல்லாம் சரி. அடுத்த வரியிலேயே, "இவ்வளவு நடந்தும் அந்த ஆண்டு பிரிட்டனில் அதிகம் விற்ற சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டு) எது தெரியுமா?" என்று கேட்டு, எங்கல்பர்ட் ஹம்பர்டிங்கின் 'ரிலீஸ் மீ'யைக் காட்டி உச்சுக்கொட்டுவார்கள். நடந்திருக்கக் கூடாத விபத்து ஒன்று நடந்துவிட்ட மாதிரி.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த ஆண்டு பிப்ரவரி 17 அன்று பீட்டில்ஸ் 'பென்னி லேன்', 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' இரண்டையும் ஒரே தட்டின் இரு பக்கங்களாக வெளியிட்டார்கள். அதற்கு முன்பு 1963-இலிருந்து அவர்களுடைய 11 சிங்கிள்கள் தொடர்ந்து வாராந்திர விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தன. இந்தத் தட்டு மட்டும் இரண்டாமிடத்தோடு நின்றுவிட்டது. மேலே உட்கார்ந்திருந்தது 'ரிலீஸ் மீ'. மார்ச் 2-இலிருந்து ஆறு வாரம் முதலிடம். முதல் ஐம்பதுக்குள் இடைவிடாமல் 56 வாரம். பிரிட்டனில் மட்டும் 10 லட்சம் பிரதிக்கு மேல் விற்பனை.

பாடியவர் யார்? 1936-இல் நம் மெட்ராஸில் பிறந்து, சிறுவனாக லெஸ்டர் நகரத்துக்குப் போனவர். அப்பா ராணுவத்தில் இருந்தவர். ஜெர்ரி டார்சி என்ற பெயரில் வருடக்கணக்கில் பாடியும் எதுவும் கூடிவரவில்லை. நடுவில் காசநோய் வேறு. கடைசியில் டாம் ஜோன்ஸின் மேலாளர் கார்டன் மில்ஸ் இவரையும் எடுத்துக்கொண்டு, ஒரு ஜெர்மானிய ஓபரா இசையமைப்பாளரின் பெயரை இவருக்கு வைத்தார். லண்டன் பலேடியம் அரங்கின் ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சி நிகழ்ச்சியில், உடம்பு சரியில்லாமல் போன டிக்கி வாலன்டைனுக்குப் பதிலாக மேடையேறினார். அதற்கப்புறம்தான் 'ரிலீஸ் மீ' கிளம்பியது. முப்பது வயதுவரை காத்திருந்த மனிதர்.

மெட்ராஸில் பிறந்தவர் என்பதற்காக நான் பரிந்து பேசவில்லை. என் கட்சி இதுதான்: பட்டியல் பொய் சொல்லவில்லை. 1967-இன் பிரிட்டன் அந்தப் பாட்டைத்தான் காசு கொடுத்து வாங்கியது. பிற்பாடு பத்திரிகைக்காரர்கள் எழுதிய 1967-ஐ விட, கடைக்காரர்கள் எழுதி வைத்த 1967-தான் எனக்கு உண்மை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வாருங்கள்.

ஸ்ட்ராபெரிக்காடு

வந்துவிட்டேன். முழுதாக மறுக்கிறேன்.

பட்டியல் என்ன அளக்கிறது? ஒரு வாரத்தில் எத்தனை தட்டு விற்றது என்பதை. அவ்வளவுதான். 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' வெவ்வேறு சுருதியிலும் வேகத்திலும் பதிவான இரண்டு வடிவங்களை நாடாவின் வேகத்தை மாற்றி ஒட்டிச் செய்த பாட்டு. அந்த ஒட்டு எங்கே வருகிறது என்று இன்றும் ஆட்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள். ஒலிப்பதிவுக்கூடமே ஒரு வாத்தியமாக மாறியது அங்கேதான். 'ரிலீஸ் மீ' 1940-களில் எழுதப்பட்ட அமெரிக்க நாட்டுப்புற வகைப் பாட்டு. பலர் அதற்கு முன்பே பாடியது. நல்ல குரல், நல்ல வாத்தியக் கோப்பு, மறுக்கவில்லை. ஆனால் 1967-இல் அது எந்தப் புதுக் கதவைத் திறந்தது?

இந்த இரண்டு பாட்டும் முதலில் 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்துக்காகப் பதிவானவை. சிங்கிள் வேண்டும் என்ற நெருக்கடியில் எடுத்துக் கொடுத்துவிட்டு, பிறகு ஆல்பத்திலும் சேர்க்காமல் விட்டார்கள். தன் தொழில் வாழ்க்கையிலேயே செய்த பெரிய தவறு அதுதான் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் பின்னாளில் வருந்தினார். அவர் வருந்தியது இரண்டாமிடத்துக்காக இல்லை. அந்தப் பாட்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போனதற்காக.

கிராமபோன்காரரே, அந்தக் காலத்து லெஸ்டரில் எல்லோரும் வாங்கினார்கள் என்பதால் மட்டும் ஒரு பாட்டு அந்த ஆண்டின் அடையாளமாகிவிடாது.

கணக்குப்பிள்ளை

சண்டைக்குள் போவதற்கு முன் ஒரு கேள்வி. நீங்கள் இரண்டு பேரும் 'பட்டியல்' என்கிறீர்களே, எந்தப் பட்டியல்?

1967-இல் பிரிட்டனில் ஒரே அதிகாரபூர்வப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. என்எம்இ பத்திரிகைக்கு ஒன்று, மெலடி மேக்கருக்கு ஒன்று, டிஸ்க்குக்கு ஒன்று, வியாபாரிகளுக்கான ரெக்கார்ட் ரீட்டெய்லருக்கு ஒன்று. பிபிசி சொந்தமாகக் கணக்கெடுக்காமல் இவற்றைச் சேர்த்துச் சராசரி போட்டு வாசித்தது. என்எம்இ 1952 நவம்பரில் முதல் பட்டியலைப் போட்டபோது, இருபது கடை அளவுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு "இந்த வாரம் என்ன போகிறது?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். ரெக்கார்ட் ரீட்டெய்லர் 1960-இல் தொடங்கியது வெறும் 30 கடைகளோடு. எல்லோரும் ஏற்றுக்கொண்ட பொதுப் பட்டியல் 1969 பிப்ரவரியில்தான் வந்தது.

இன்று நாம் 'அதிகாரபூர்வம்' என்று சொல்லும் 60-களின் பட்டியல், ரெக்கார்ட் ரீட்டெய்லருடையதைப் பிற்பாடு வரிசையில் வைத்துக் கோத்தது. மெலடி மேக்கரைத் திறந்து பாருங்கள். அங்கே 'பென்னி லேன்' முதலிடத்துக்குப் போயிருக்கிறது! இதே மாதிரி 1963-இல் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' என்எம்இயிலும் மெலடி மேக்கரிலும் முதலிடம், ரெக்கார்ட் ரீட்டெய்லரில் இரண்டாமிடம். "தொடர்ந்து 11" என்ற கணக்கே நீங்கள் எந்தத் தாளை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஆக, 'பீட்டில்ஸைத் தடுத்த பாட்டு' என்ற கதையை அன்றைய மெலடி மேக்கர் வாசகர் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

கிராமபோன்காரன்

கணக்குப்பிள்ளை ஐயா சொல்வது சரி, "தடுத்தது" என்ற சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஆண்டு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் எந்தத் தாளை எடுத்தாலும் 'ரிலீஸ் மீ'யின் பலம் குறையாதே. செப்டம்பரில் அவருடைய 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' இன்னொரு ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. அதுவும் 10 லட்சம் தாண்டியது. நடுவில் வந்த 'தேர் கோஸ் மை எவ்ரிதிங்' இரண்டாமிடம். ஒரே ஆண்டில் மூன்று. முப்பது கடைக்காரர்களின் ஞாபகப் பிழையால் இப்படி நடக்காது.

ஸ்ட்ராபெரிக்காடு, "புதுக் கதவு" என்கிறீர்கள். எல்லாப் பாட்டும் கதவைத் திறக்க வேண்டுமா? வேலைக்குப் போய்விட்டு வந்து, சனிக்கிழமை இரவு தட்டைச் சுழலவிட்டு மனைவியோடு இரண்டு சுற்று ஆடுகிறவருக்கு அந்த ஆண்டில் இடமில்லையா?

லெஸ்டர்வாசி

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து லெஸ்டரில் முப்பது வருசமாக இருக்கிறேன். பழைய தட்டு சேர்க்கிற பழக்கம் உண்டு. நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்.

இங்கே ஒவ்வொரு தெருவிலும் தர்மக் கடைகள் இருக்கு. சனம் வேண்டாத சாமானைக் கொண்டுவந்து கொடுக்கும், அதை மலிவாக விற்று வருகிற காசு தொண்டுக்குப் போகும். அந்தக் கடைகளின் மூலையில் ஒரு பெட்டி நிறைய எல்பி தட்டுகள் (முழு ஆல்பமும் அடங்கிய பெரிய தட்டுகள்) கிடக்கும். எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிற ஆட்கள் ஒரே ஆட்கள்தான்: எங்கல்பர்ட், வால் டூனிக்கன், ஜிம் ரீவ்ஸ், 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படப்பாட்டு. முப்பது வருசத்தில் பிங்க் ஃப்ளாய்டின் முதல் ஆல்பத்தின் பழைய அச்சு ஒன்றைக்கூட நான் அந்தப் பெட்டிகளில் கண்டதில்லை.

இந்த நாடு எதை வாங்கிச்சுது என்று தெரிய வேண்டுமென்றால் புத்தகம் தேவையில்லை, அந்தப் பெட்டியைக் கிளறினால் போதும். கிராமபோன்காரர் அண்ணையின் பக்கம்தான் நான்.

ஸ்ட்ராபெரிக்காடு

லெஸ்டர்வாசி அண்ணே, நீங்கள் எனக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்!

ஃப்ளாய்ட் தட்டு ஏன் அந்தப் பெட்டியில் இல்லை? வைத்திருப்பவர் விடுவதில்லை. எங்கல்பர்ட் ஏன் இருக்கிறார்? வாங்கியவர்கள் விட்டுவிட்டார்கள். வாங்குவது ஒரு நாள் வேலை, வைத்துக்கொள்வது ஆயுளுக்கும். பட்டியல் வாங்கியதை மட்டும் எண்ணுகிறது. எது வீட்டில் தங்கியது என்பதை எண்ண ஒரு பட்டியலும் கிடையாது. அதைத்தான் நான் கேட்கிறேன்.

அலைவரிசை

இவ்வளவு நேரமாக ரேடியோவைப் பற்றி யாருமே பேசவில்லையே! 1967-ஐக் கடற்கொள்ளை ரேடியோ (உரிமம் இல்லாமல் கப்பலிலிருந்து ஒலிபரப்பியவை) இல்லாமல் பேசினால் பாதிக் கதைதான்.

பிபிசி ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான் தட்டு ஓட்டலாம் என்று இசைக்கலைஞர் சங்கத்தோடும் தட்டு நிறுவனங்களோடும் ஒப்பந்தம் இருந்தது. மிச்ச நேரத்தை வாத்தியக் குழுக்கள் நேரடியாக வாசித்து நிரப்பும். பையன்கள் விரும்பிய பாட்டெல்லாம் வந்தது கடலில் நின்ற கப்பல்களிலிருந்து. ரேடியோ லண்டனின் கப்பல் எசெக்ஸ் கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. நள்ளிரவுக்குப் பிறகு ஜான் பீல் 'தி பெர்ஃப்யூம்ட் கார்டன்' நிகழ்ச்சியில் ஹெண்ட்ரிக்ஸையும் ஃப்ளாய்டையும் ஓட்டினார். 'சார்ஜன்ட் பெப்பரை' மே மாதமே முதலில் ஒலிபரப்பியதும் அந்தக் கப்பல்தான். கடைக்கு வராத ஆல்பம்!

அப்புறம் என்ன ஆயிற்று? கப்பல் ரேடியோவுக்கு உதவி செய்வதே குற்றம் என்று அரசு சட்டம் கொண்டுவந்தது. ஆகஸ்ட் 14 பிற்பகல் 3 மணிக்கு ரேடியோ லண்டன் மூடியது. கரோலின் என்ற இன்னொரு கப்பல் ரேடியோ மட்டும் சட்டத்தை மீறித் தொடர்ந்தது. செப்டம்பர் 30 காலை 7 மணிக்கு பிபிசி ரேடியோ 1 தொடங்கியது. முதல் குரல் டோனி பிளாக்பர்ன், அவரே கப்பலிலிருந்து இறங்கியவர்.

இப்போது முதலிடங்களை வரிசையாகப் பாருங்கள். ஜூனில் 'அ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்'. ஜூலையில் 'ஆல் யூ நீட் இஸ் லவ்'. ஆகஸ்டில் 'சான் ஃபிரான்சிஸ்கோ'. கப்பல் மூடுகிறது. செப்டம்பரில் 'தி லாஸ்ட் வால்ட்ஸ்', நவம்பரில் லாங் ஜான் பால்ட்ரியின் 'லெட் தி ஹார்ட்ஏக்ஸ் பிகின்'. கதவைச் சாத்தியதும் வீட்டுக்குள் என்ன பாட்டு கேட்டது என்று தெரிகிறதா? மக்கள் காசு கொடுத்து வாங்கினார்கள் என்று சொல்வதற்கு முன்னால், அவர்கள் காதுக்கு எது போய்ச் சேர விட்டார்கள் என்று கேட்க வேண்டும்.

கிராமபோன்காரன்

அலைவரிசை, வாதம் அழகாக இருக்கிறது. ஆனால் தேதி உதைக்கிறதே. 'ரிலீஸ் மீ' முதலிடத்தில் இருந்தது மார்ச்சில். அப்போது கப்பல்கள் எல்லாம் முழு வீச்சில் ஒலிபரப்பிக்கொண்டிருந்தன. ஏப்ரல் கடைசியில் முதலிடம் எது? ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷனில் பிரிட்டனுக்கு முதல் வெற்றியைத் தந்த, சாண்டி ஷா வெறுங்காலோடு பாடிய 'பப்பெட் ஆன் எ ஸ்ட்ரிங்'. அவருக்கே பிடிக்காத பாட்டு, மக்களுக்குப் பிடித்தது. மே மாதம் கிங்க்ஸ் குழுவின் 'வாட்டர்லூ சன்செட்' இரண்டாமிடத்தில் நின்றபோது மேலே இருந்தது ட்ரெமலோஸ் குழுவின் 'சைலன்ஸ் இஸ் கோல்டன்'. எல்லாம் கப்பல் காலத்தில்.

கப்பல்காரர்களும் புனிதர்கள் இல்லை. பிங்க் ஃப்ளாய்டின் முதல் சிங்கிள் 'ஆர்னல்ட் லேன்' பாட்டை ஒலிபரப்ப மாட்டோம் என்று சொன்னது யார்? அதே ரேடியோ லண்டன். அவர்கள் போட்ட நாற்பது பாட்டுப் பட்டியலும் கடை விற்பனையை வைத்துப் போட்டதில்லை, அவர்கள் விருப்பத்துக்குப் போட்டது.

அலைவரிசை

'ஆர்னல்ட் லேன்' விஷயத்தை ஏற்கிறேன், அது கறைதான். ஆனால் பீலுக்கு நள்ளிரவில் இரண்டு மணி நேரத்தைத் திறந்துவிட்டதும் அதே கப்பல். பிபிசி பீட்டில்ஸின் 'அ டே இன் தி லைஃப்' பாட்டையே ஒலிபரப்பக் கூடாது என்று தடை போட்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

ஆர்கன்விரல்

எல்லோருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூரில் மெல்லிசைக் குழு ஒன்றில் கீபோர்டு வாசிக்கிறவள். இந்தத் திரியைத் தொடக்கத்திலிருந்து படித்துவிட்டேன்.

அலைவரிசை சார், நவம்பர் பட்டியலை நீங்கள் பாதியோடு விட்டுவிட்டீர்கள். பால்ட்ரிக்கு முந்தைய இரண்டு வாரம் முதலிடத்தில் இருந்தது தி ஃபவுண்டேஷன்ஸ் குழுவின் 'பேபி நவ் தட் ஐ'வ் ஃபவுண்ட் யூ'. அந்தக் குழுவைப் பாருங்கள். பாடகர் கிளெம் கர்ட்டிஸ் டிரினிடாட்காரர். சாக்ஸபோன் வாசித்த இருவர் ஜமைக்காவில் பிறந்தவர்கள், டிராம்போன் டொமினிக்கா, கிட்டார், பாஸ், டிரம்ஸ் வாசித்தவர்கள் லண்டன் பையன்கள். ஆர்கன் வாசித்த டோனி கோமஸ் கொழும்பில் பிறந்தவர்.  டிரம்ஸ் வாசித்த டிம் ஹாரிஸ்தான் குழுவிலேயே சின்னவர், வயது 18.

அந்தப் பாட்டு எப்படி மேலே வந்தது தெரியுமா? கோடையில் வெளியானபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. ரேடியோ 1 தொடங்கியபோது, கப்பல்காரர்கள் தேய்த்துவிட்ட பாட்டாக இல்லாமல் அவர்கள் கவனிக்காமல் விட்ட பாட்டாகத் தேடினார்கள். அப்படிக் கையில் சிக்கியதில் இது ஒன்று. இந்தக் கதவைத் திறந்தது நீங்கள் குறை சொல்லும் பிபிசிதான் சார். பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்த அந்த நவம்பர் வாரத்தில், நாட்டின் முதலிடத்தில் ஒரு கொழும்புப் பையனின் ஆர்கன் ஒலித்துக்கொண்டிருந்தது. இதை எந்த '1967' கட்டுரையிலும் நான் படித்ததில்லை. பட்டியலை வரிசையாகப் பார்த்துப் போனதால்தான் எனக்கே தெரிந்தது. அதனால் பட்டியலைத் தூக்கிப் போட நான் சம்மதிக்க மாட்டேன்.

இன்னொரு ஆர்கனையும் சொல்ல வேண்டும். 'அ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டின் உயிர் மேத்யூ ஃபிஷர் வாசித்த ஹேமண்ட் ஆர்கன். ஜெர்மானிய இசைமேதை பாக்கின் வாசனை அடிக்கும் அந்த மெட்டுக்குத் தன் பெயர் இல்லையே என்று பிற்பாடு வழக்குப் போட்டு, 2009-இல் பிரபுக்கள் சபை வரை போய், இசை உரிமையில் 40 சதவீதத்தைப் பெற்றார். அந்தப் பாட்டு எத்தனை வாரம் முதலிடம்? ஆறு. 'ரிலீஸ் மீ' எத்தனை வாரம்? அதுவும் ஆறு. ஒரே நாடு, ஒரே ஆண்டு. இரண்டு தட்டையும் ஒரே வீட்டில் வாங்கியிருக்க மாட்டார்கள் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

ஸ்ட்ராபெரிக்காடு

ஆர்கன்விரல் அக்கா, டோனி கோமஸ் பற்றி எனக்குத் தெரியாது. நன்றி. இன்று இரவு அந்தப் பாட்டை ஆர்கனுக்காகவே கேட்கப் போகிறேன்.

ஆனால் பால்ட்ரியை நீங்களும் தாண்டிப் போய்விட்டீர்கள், அவர்தான் என் பக்கத்துக்கு ஆதாரம். லாங் ஜான் பால்ட்ரி பிரிட்டனில் ப்ளூஸ் வேரூன்றக் காரணமானவர்களில் ஒருவர். அவர் பின்னால் கீபோர்டு வாசித்த பையன் அவர் பெயரிலிருந்து 'ஜான்' என்பதை எடுத்துக்கொண்டு எல்டன் ஜான் ஆனான். வருடக்கணக்காக ப்ளூஸ் பாடியபோது கிடைக்காத முதலிடம், அதை விட்டுவிட்டு வயலின் சூழ ஒரு சோகக் காதல் பாட்டைப் பாடியதும் கிடைத்தது. அந்தப் பாட்டை எழுதியவர்கள் ஃபவுண்டேஷன்ஸ் பாட்டை எழுதிய அதே மெக்காலேயும் மெக்லியடும்தான். பட்டியல் ரசனையை அளக்கும் கருவி மட்டுமாக இருந்தால் எனக்குச் சண்டை இல்லை. அது கலைஞனைத் தன் பக்கம் வளைக்கிறது. வாடகை கட்ட வேண்டியவன் வளைந்துதான் ஆக வேண்டும். ஒரு நல்ல ப்ளூஸ் பாடகனை இழந்த கணக்கு எந்த வாரப் பட்டியலில் இருக்கிறது?

கணக்குப்பிள்ளை

மீண்டும் நான். சிங்கிளையும் ஆல்பத்தையும் போட்டுக் குழப்புகிறீர்கள். அன்றைக்கு ஒரு எல்பி வாங்கும் காசில் நாலு சிங்கிள் வாங்கலாம். பள்ளிக்கூடப் பையனும் வீட்டம்மாவும் சிங்கிள் வாங்கினார்கள். எல்பி வாங்கக் கையில் கொஞ்சம் பசை வேண்டும். ஆல்பப் பட்டியலில் 'சார்ஜன்ட் பெப்பர்' ஜூனிலிருந்து தொடர்ந்து 23 வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்த ஆண்டு அதிகம் விற்ற ஆல்பமும் அதுதான். ஆக, பட்டியல் பீட்டில்ஸுக்கு அநீதி செய்யவே இல்லை. நீங்கள் ஒரு பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு அழுகிறீர்கள்.

அதே ஆல்பப் பட்டியலில் அதற்கு முன்னும் பின்னும் முதலிடம் பிடித்தவை 'சவுண்ட் ஆஃப் மியூசிக்'கும் மங்கீஸ் குழுவின் இரண்டு ஆல்பங்களும். வருடக் கடைசியில் வால் டூனிக்கன். லெஸ்டர்வாசி சொன்ன தர்மக் கடைப் பெட்டியேதான்.

அலைவரிசை

அப்படியானால் ஹெண்ட்ரிக்ஸின் முதல் ஆல்பம் இரண்டாமிடத்தில் நின்றதற்குக் காரணம் 'சார்ஜன்ட் பெப்பர்'. ஹெண்ட்ரிக்ஸ் ரசிகர்கள் யாரும் பீட்டில்ஸ் தடுத்துவிட்டது என்று ஒப்பாரி வைப்பதில்லை. இதை யோசிக்க வேண்டியதுதான்.

கிராமபோன்காரன்

ஹெண்ட்ரிக்ஸ் பேச்சு வந்ததால் இதைச் சொல்லிவிடுகிறேன். நான் இந்தத் திரியைத் தொடங்கியதற்கே இதுதான் காரணம்.

1967 மார்ச் 31. லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் அஸ்டோரியா அரங்கம். ஹெண்ட்ரிக்ஸ் முதன்முதலாக மேடையில் கிட்டாருக்குத் தீ வைத்த இரவு. அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள் அல்லது கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஹெண்ட்ரிக்ஸின் தனிக் கச்சேரி இல்லை. வாக்கர் பிரதர்ஸ் தலைமையில் ஊர் ஊராகப் போன ஒரு கூட்டுச் சுற்றுப்பயணத்தின் முதல் நாள். அதே மேடையில் அன்று பாடிய மற்றவர்கள் யார்? ஒருவர் கேட் ஸ்டீவன்ஸ். இன்னொருவர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். அந்த வாரம் நாட்டின் முதலிடம் அவருடையது.

ஏப்ரல் முழுக்க ஒரே டிக்கெட்டில் மக்கள் இரண்டு பேரையும் கேட்டிருக்கிறார்கள். தீயையும் பார்த்தார்கள், 'ரிலீஸ் மீ'யையும் கேட்டார்கள். எங்கல்பர்டுக்காக வந்த பெண்கள் ஹெண்ட்ரிக்ஸைக் கேட்டு என்ன நினைத்திருப்பார்கள், ஹெண்ட்ரிக்ஸுக்காக வந்த பையன்கள் 'ரிலீஸ் மீ' ஓடும்போது என்ன செய்திருப்பார்கள் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். ஆனால் அவர்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள். நாம்தான் ஐம்பது வருடம் கழித்து நடுவில் சுவர் எழுப்பி, இந்தப் பக்கம் வரலாறு, அந்தப் பக்கம் விபத்து என்கிறோம்.

ஆர்கன்விரல்

இந்தச் சுற்றுப்பயணம் எனக்குப் புதுசு. மெய்சிலிர்த்தது.

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1962 புத்தாண்டு அன்று டெக்கா நிறுவனத்தில் பீட்டில்ஸ் வாசித்துக் காட்டி நிராகரிக்கப்பட்டார்களே, அன்று டிரம்ஸ் வாசித்தவர் பீட் பெஸ்ட். அவர் பிறந்ததும் மெட்ராஸில்தான், 1941-இல். ஐந்து வருடம் கழித்து 'ரிலீஸ் மீ'யை வெளியிட்டது அதே டெக்கா, பாடியவரும் மெட்ராஸில் பிறந்தவர்.

ஸ்ட்ராபெரிக்காடு

கிராமபோன்காரரே, அஸ்டோரியா இரவு என்னை அசைத்துவிட்டது. ஒப்புக்கொள்கிறேன். சுவர் நாம் எழுப்பியது என்பது சரிதான்.

ஆனால் ஒரே மேடையில் நின்றதால் இருவரும் ஒரே வேலையைச் செய்தார்கள் என்று ஆகிவிடாது. ஏப்ரல் 29 இரவு, 'பப்பெட் ஆன் எ ஸ்ட்ரிங்' முதலிடத்தில் இருந்த வாரம், அலெக்சாண்ட்ரா பேலஸில் விடிய விடிய ஒரு கூத்து நடந்தது. ஃப்ளாய்ட் விடியும் நேரத்தில் வாசித்தார்கள். அங்கே இருந்தவர்கள் அந்த வாரப் பட்டியலின் கண்ணில் படாதவர்கள். அவர்களில் எத்தனை பேர் மறுநாள் குழு தொடங்கினார்கள், பத்திரிகை தொடங்கினார்கள் என்று பட்டியலால் சொல்ல முடியாது. விற்ற தட்டை எண்ணலாம், பாட்டைக் கேட்டுவிட்டுக் கிட்டார் வாங்கிய பையனை எப்படி எண்ணுவீர்கள்? அதோடு, முன்பு சொன்னதையே மறுபடி சொல்கிறேன்: எங்கல்பர்ட் தட்டுகள் தர்மக் கடைக்கு வந்துவிட்டன. வாங்கியவர்களே வைத்துக்கொள்ளவில்லை. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

லெஸ்டர்வாசி

தம்பி, அந்தக் கேள்வி எனக்கும் உறுத்திக்கொண்டே இருந்தது. நான்தான் பெட்டிக் கதையைத் தொடங்கினது. அதனால் இண்டைக்குச் சனிக்கிழமை என்று எங்கள் பக்கத்துத் தர்மக் கடைக்குப் போனேன். அங்கே தொண்டு செய்கிற ஒரு வயதான அம்மா இருக்கிறா, பல வருசமாகத் தெரியும். "இந்த எங்கல்பர்ட் தட்டுகளைச் சனம் ஏன் கொண்டுவந்து போடுது, பிடிக்காமலா?" என்று கேட்டேன்.

அவ சொன்னா, தட்டை வாங்கின ஆட்கள் ஒருநாளும் கொண்டுவருவதில்லையாம். ஆள் இறந்துபோய், பிள்ளைகள் வீட்டை ஒதுக்கும்போதுதான் பெட்டி பெட்டியாக வருமாம். அதுவரைக்கும் அது அவர்களின் வரவேற்பறை அலுமாரியில்தான் இருக்குமாம்.

பெட்டியைக் கிளறினேன். 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' சிங்கிள் ஒன்று இருந்தது. கடதாசி உறையின் ஓரம் கிழிந்து, ஒட்டுநாடா போட்டு ஒட்டி, அந்த ஒட்டும் மஞ்சளாகிப்போய் இருந்தது. நீலப் பேனாவால் ஒரு பெண்ணின் பெயரும், அதன் கீழே 1967 செப்டம்பர் என்றும் எழுதியிருந்தது. ஊசி ஓடி ஓடித் தட்டின் பள்ளமெல்லாம் வெளிறிப்போய்விட்டது. வாங்கிக்கொண்டு வந்தேன். இப்ப மேசையில் என் முன்னால் இருக்கு.

ஸ்ட்ராபெரிக்காடு

அண்ணே, வைத்துக்கொள்ளவில்லை என்று சொன்னதை எடுத்துவிடுகிறேன்.

அந்தத் தட்டு இன்னும் ஓடுகிறதா? ஓடினால் பதிவு செய்து இங்கே போடுங்கள். கீறலோடே போடுங்கள், சுத்தம் செய்ய வேண்டாம்.